ஓடைக்குள் ஓர் உலகம்

மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்தவை இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும். அய்யனார் கோவில் ஆறும் செண்பகத்தோப்பு ஓடைகளும் இம்மலையிலிருந்தே இறங்கி வருகின்றன. வடகிழக்குப் பருவமழையில் பெருக்கெடுக்கும் இவை, கோடையில் ஆங்காங்கே மடுக்களாகச் சுருங்கிவிடும். இத்தகைய மலையோடைகளில் மேலே சிலவகை மீன்களும், கீழே இறங்க இறங்கப் பலவகை மீன்களும் வாழ்கின்றன. இவ்வேறுபாடு எதனால் அமைகிறது?

முதற்காரணம் ஓடையின் தரை. பாறைமீது நீர் விரைந்து பாயுமிடத்தில் கல்லொட்டி மீன்கள் வாழ்கின்றன. வாயின் அடியிலுள்ள வட்டமான உறுப்பால் அவை பாறையைப் பற்றிக்கொள்கின்றன. மணற்பாங்கான இடம் அயிரைக்கு உரியது. ஆழ்ந்த மடுக்களில் கெண்டையும் கெளுத்தியும் உலவுகின்றன. ஆகவே பாறை, கூழாங்கல், மணல், மடு எனத் தரை பலவாகும்போது மீன்களும் பலவாகின்றன.

இரண்டாவது காரணம் காடு. கரைமரங்களின் நிழல் நீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது. உதிரும் சருகுகளை உண்டு நீர்ப்பூச்சிகள் பெருகுகின்றன. அப்பூச்சிகள் மீன்களுக்கு இரையாகின்றன. வெயில் விழும் இடங்களில் வளரும் பாசி, வேறுசில மீன்களுக்கு உணவாகிறது.

மூன்றாவது காரணம் நீர்வீழ்ச்சி. கீழுள்ள மீன்களுள் பெரும்பாலானவை அதனைக் கடந்து மேலேற இயலாது. எனவே மேற்பகுதியில் இனங்கள் குறைகின்றன. ஆயினும், நெடுங்காலம் தனித்து வாழும் மீன்கள் வேறெங்கும் காணப்படாத தனியினங்களாக மாறவும் கூடும்.

கோடை மடுக்களில் எஞ்சும் மீன்களே அடுத்த மழைக்காலத்திற்கான விதைகள். அம்மடுவில் நஞ்சு கலந்து மீன்பிடித்தால், அழிவது ஒருநாள் மீன்கள் மட்டுமன்று. ஓடையின் வருங்காலமும் அழிகிறது. 1952இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க ஜிலேபிக்கெண்டை போன்ற அயல்மீன்கள், புகுந்த நீர்நிலைகளில் விரைவாகப் பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தையும் உணவையும் கைப்பற்றுகின்றன.

1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காடு, 2021இல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அணில் தாவும் மரக்கிளையே ஓடைக்கும் நிழல் தருகிறது. அய்யனார் கோவில் ஆற்றுநீரே ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தை நிறைத்து, இராஜபாளையத்தின் தாகத்தைத் தணிக்கிறது. சங்கப்புலவர் அயிரை, ஆரல், கயல், வாளை என மீன்களைப் பெயர்சொல்லி அறிந்திருந்தனர். நம் ஊர் ஓடையில் வாழும் மீன்களின் பெயர்களை நாமும் அறிந்துகொள்வோம். பெயர் அறிந்த உயிரின் மறைவையே நம்மால் உணர முடியும்.