கம்பி வழியே மருத்துவப் பாடம்



எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். "எலக்ட்ரானிக்ஸ் படிச்சு என்னடா பண்ணப் போற?" என்று கேட்டார். அதற்கு என் பதில்தான் இக்கட்டுரை.

காரைக்காலில் ஜிப்மர் கிளை 2016-ல் மருத்துவ வகுப்பைத் தொடங்கியது. தாய் நிறுவனம் இருப்பதோ சுமார் 130 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில். பெரிய டாக்டர்கள் எல்லா ஊரிலும் இருக்க முடியுமா? முடியாது. ஆனால் அவர்கள் பாடம் போகலாம். அதற்குத்தான் வீடியோ கான்பரன்சிங். கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோளை இஸ்ரோ 2004 செப்டம்பர் 20-ல் ஏவியது. பிறகு வந்த தேசிய மருத்துவக் கல்லூரி வலையமைப்பில், தெற்கே ஜிப்மர் ஒரு வட்டார மையம்.

படம் எப்படிப் போகிறது?

640×480 புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 25 படம். பெருக்கிப் பாருங்கள், சுமார் 18.4 கோடி பிட்! பழைய 384 கிலோபிட் இணைப்பில் இது போக வேண்டுமானால் 480-ல் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். 'கோடெக்' அதைச் செய்கிறது. மாறாத சுவரைத் திரும்ப அனுப்பாமல், மாறியதை மட்டும் அனுப்பும். ஆபத்தும் இங்கேதான். அதிகம் சுருக்கினால் தோல் தடிப்பின் நிறமும், விரலின் மெல்லிய நடுக்கமும் முதலில் காணாமல் போகும். மருத்துவ மாணவர் பார்க்க வேண்டியதே அதுதானே!

தாமதம் ஏன்?

செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். ஏறி இறங்கக் கால் நொடி. கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி. போட்டு வயர்லெஸ்ஸில் பேசுவதுபோல, ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் பேச வேண்டும். ஃபைபர் கம்பியில் 130 கிலோமீட்டரை ஒளி ஒரு மில்லி நொடிக்குள் கடந்துவிடும். கருவிகள் எடுக்கும் நேரம் தனி.

கொரோனா காலத்தில் எட்டாம் வகுப்புப் பாடத்தை அம்மாவின் போனில் படித்தேன். படம் நின்றாலும் சமாளித்தேன். குரல் அறுந்தால் பாடமே போச்சு. "புரியலை சார்" என்று சொன்னதும் அந்தப் பக்கம் கேட்கவில்லை. ஆகவே குரலும், மாணவன் திருப்பிக் கேட்கும் வழியுமே முக்கியம்.

நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதைக் கம்பி கற்றுத் தராது. அதற்குப் பக்கத்தில் ஆசான் வேண்டும். மற்றதைக் கொண்டுவர மைக், விளக்கு, இணைப்பு மூன்றையும் சரிபார்க்க ஒரு டெக்னீசியன் வேண்டும்.

"அந்த ஆளா நான் இருப்பேன்ப்பா" என்றேன். அப்பா சிரித்தார். நண்பர்களே, நீங்களும் வாருங்கள்!