தாத்தா ஜீப் தூக்கிய ஸ்ட்ரெச்சர்!

விஸ்வநத்தம் பக்கம் சைரன் கேட்டாலே வயித்துல புளி கரையும்... 'எந்த பட்டாசு ஆபீஸோ?' 2008-ல தமிழ்நாட்டுக்கு 108 வந்துச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடியே, ரோடே இல்லாத இடத்துல ஆம்புலன்ஸா ஓடின ஒரு குட்டி அமெரிக்க வண்டி தெரியுமா ஃப்ரெண்ட்ஸ்? நம்ம ஜீப்தான்!

இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் லட்சக்கணக்கில் தயாரானது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே வெறும் 80 அங்குலம். ஒரு ஆள் நீட்டிப் படுக்கக்கூட இடமில்லை. ஆனா நாலு சக்கரமும் இழுக்கும். சேறு, மேடு எதுவும் தடுக்காது. இரும்புச் சட்டம் மாட்டி, அதுல ஸ்ட்ரெச்சர்களைக் கட்டி, காயம்பட்ட வீரர்களைக் கொண்டுவந்தாங்க.

போர் முடிஞ்ச பிறகு மஹிந்திரா ஜீப்பை மும்பையில அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சது. அதோட வாரிசுகள் கம்பம், போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலையாட்களை ஏத்திக்கிட்டு மலையேறுது.

விஷயம் சிம்பிள்... வண்டி பெருசா இருக்கறது முக்கியமில்ல, அடிபட்டவர் கிடக்கிற இடத்துக்கு வந்து சேரணும். 108-க்கு போன் போட்டா ஊர், தெரு, பக்கத்துல இருக்கிற கோயில் எல்லாம் தெளிவா சொல்லுங்க. முக்கியமா, சந்துல குறுக்கே நிறுத்தின பைக்கை எடுங்க பாஸ். அதைத் தாண்ட எந்த ஜீப்பாலயும் முடியாது!