கல் வாயில்

இல்லத்தின் வாய் ‘இல்வாய்’ என நிற்றல் வேண்டும். அச்சொல் முன்பின்னாக மாறி ‘வாயில்’ என வழங்குதலை இலக்கணப் போலி என்று கற்றிருப்பீர்கள். சொல்லில் முன்பின்னாக நின்றாலும், கட்டடத்தில் வாயிலே முன்னிற்பது.

விருதுநகர் மாவட்டத்தில் திருவில்லிபுத்தூர்க் கோபுரம் 11 நிலைகளோடு 190 அடிக்குமேல் ஓங்கி நிற்கின்றது. காண்போர் கண்கள் நிலைகளையும் கலசங்களையுமே நாடும். அவற்றைத் தாங்கும் கல் வாயிலை நோக்குவார் சிலரே. இத்தகைய கோபுரங்களில் அடிப்பகுதி மட்டுமே கருங்கல். மேலுள்ள நிலைகள் செங்கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் ஆயவை. முழுதும் கல்லாயின் பாரம் மிகுமன்றோ?

வழியின் இருமருங்கும் நாட்டப்பெற்ற நெடுங்கற்கள் நிலைக்கால்கள் எனப்படும். அவற்றின்மேல் குறுக்கே கிடப்பது உத்திரம். செங்குத்தாக நிற்கும் கல் பெரும்பாரத்தையும் தாங்கும். குறுக்கே நீண்டு கிடக்கும் கல்லோ எளிதில் முறியும். ஆதலின் நம் கல்தச்சர் வாயிலின் அகலத்தைச் சுருக்கி உயரத்தைப் பெருக்கினர்.

இவ்வமைப்பை மறைப்பின்றிக் காண விரும்புவோர் அண்டையிலுள்ள மதுரைக்குச் செல்லல் வேண்டும். அங்கே மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே, புது மண்டபத்தை அடுத்து, இராய கோபுரம் முற்றுப்பெறாது நிற்கின்றது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் தொடங்கிய பணி அது. மேல்நிலை ஒன்றேனும் எழவில்லை. ஆயினும் அந்நிலைக்கால்களைப் பாருங்கள்! ஒவ்வொன்றும் ஒரே கல். ஏறக்குறைய 50 அடி உயரமுடையது. தென்னையளவு நெடிய கல்லைப் பாறையினின்று பிளந்து, ஊருக்குள் இழுத்து வந்து, சாயாமல் நிறுத்தி, அதன்மீது கொடிச்சுருள்களையும் செதுக்கினர். மேலே கோபுரம் எழுந்திருந்தால் நாம் அண்ணாந்து சுதை உருவங்களையே எண்ணிக்கொண்டிருப்போம்; அது எழாமையால் கல்தச்சரின் கைவேலை கண்ணெதிரே நிற்கின்றது.

மதுரைக் கோட்டைக்கும் மதிலும் அகழியும் வாயில்களும் இருந்தன. நகரம் நெருக்கமுற்றதால், 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அவ்விடத்தே தோன்றியவையே வெளி வீதிகள். நகருக்குக் காற்றும் வழியும் கிடைத்தன. அதனைக் குறைகூற இயலாது. ஆனால் அம்மதிலின் சிறு பகுதியே இன்று எஞ்சியுளது.

இராய கோபுரத்தை எவரும் இடிக்கவில்லை. கடைகளே அதனை நெருக்கிவிட்டன. அதனூடே நாள்தோறும் நடப்போருள்ளும் அதனை ஒரு கோபுர வாயிலென்று அறியாதார் உளர். கொடிச்சுருள்களைக் காண்பதற்குக் கடைப் பந்தல்களின் மேலாகத் தலையை நிமிர்த்த வேண்டியுளது.