நிலத்தடியில் குழாய் எங்கே, கேபிள் எங்கே?

மண்ணுக்குள் புதைந்த குழாயையும் கேபிளையும் தோண்டாமலே கண்டுபிடித்துச் சொல்லும் கருவி லொகேட்டர். மெட்டல் டிடெக்டரும் இதுவும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. டிடெக்டர் உலோகத்தைத் தேடுகிறது. லொகேட்டர் தேடுவது அந்த உலோகத்தில் ஓடும் மாறுதிசை மின்னோட்டத்தை. மின்னோட்டம் ஓடும் கம்பியைச் சுற்றி வட்டவட்டமாகக் காந்தப்புலம் உண்டாகிறது. அது மண்ணையும் தாரையும் கான்கிரீட்டையும் தாண்டி மேலே வந்து, கருவிக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் சிறு மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. அதுவே இயக்குபவரின் காதில் ஒலியாகவும் திரையில் எண்ணாகவும் வந்து சேர்கிறது. மின்னோட்டம் இல்லாத குழாய் இந்தக் கருவிக்குத் தெரியாது. இதன் பலம், பலவீனம் இரண்டுக்கும் இதுவே காரணம்.

சில இடங்களில் மின்னோட்டம் தானாகவே கிடைக்கும். நம் நாட்டு மின்கேபிள்களில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடுகிறது. கருவியை அந்த அதிர்வெண்ணுக்கு வைத்து நடந்தால் போதும். இன்னொரு வழி வியப்பானது. கடலுக்கடியில் உள்ள நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுவதற்காகக் கடற்படைகள் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் வானொலி அலைகளை அனுப்புகின்றன. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐஎன்எஸ் கட்டபொம்மன் அப்படிப்பட்ட ஒரு நிலையம். இத்தகைய அலைகள் மண்ணுக்குள் புகுந்து, நீண்ட இரும்புக் குழாய்களிலும் கேபிள்களிலும் நுண்ணிய மின்னோட்டத்தை எழுப்புகின்றன. லொகேட்டரின் 'ரேடியோ' முறை அதைத்தான் பிடிக்கிறது.

ஆனால் இந்த இரண்டு முறைகளை மட்டும் நம்பக்கூடாது. பகலில் அணைந்து கிடக்கும் தெருவிளக்குக் கேபிளில் மின்னோட்டம் இல்லை, ஆகவே ஒலியும் இல்லை. மூன்று பேஸிலும் சமமாகச் சுமை ஓடும் பெரிய கேபிளிலோ ஒன்றின் புலத்தை மற்றொன்று அழித்துவிடும். கருவி மௌனமாக இருக்கிறது என்பதற்காக அங்கே எதுவும் இல்லை என்று கடப்பாரையை இறக்குவது ஆபத்து.

ஆகவே நாமே மின்னோட்டத்தைச் செலுத்துவதுதான் உறுதியான வழி. அதற்கு டிரான்ஸ்மிட்டர் என்ற தனிப்பெட்டி உண்டு. குடிநீர்க் குழாயைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். வால்வு தொட்டியின் மூடியைத் திறந்து, துருவைச் சுரண்டி, பளிச்சென்று தெரியும் இரும்பில் ஒரு கிளிப்பை மாட்டுவார்கள். மற்றொரு ஒயர், குழாயின் போக்குக்குக் குறுக்குத் திசையில் சில மீட்டர் தள்ளி அடித்த எர்த் கம்பிக்குப் போகும். மண் காய்ந்திருந்தால் கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். பிறகு ரிசீவரை, அதாவது லொகேட்டரை, தரையை ஒட்டிப் பிடித்தபடி குறுக்கே நடப்பார்கள். ஒலி ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். உச்சத்தில் நின்று கருவியை அதன் அச்சிலேயே திருப்பினால், உள்ளிருக்கும் சுருளின் அச்சு குழாய்க்குக் குறுக்காக இருக்கும்போது ஒலி வலுக்கும், குழாயின் திசையோடு பொருந்தியதும் அடங்கிவிடும். இருக்கும் இடமும் போகும் திசையும் இப்படித் தெரிய, தரையில் பெயின்டால் குறியிடுவார்கள்.

மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் கேபிளில் கிளிப் மாட்டுவது உயிருக்கே ஆபத்து. அங்கே கேபிளைச் சுற்றிப் பூட்டும் கிளாம்ப் உதவும். தொட எதுவுமே கிடைக்காத இடத்தில் டிரான்ஸ்மிட்டரைத் தரைமேல் வைத்தே மின்னோட்டத்தைத் தூண்டலாம்; ஆனால் அருகிலுள்ள எல்லாக் கம்பிகளும் அதை வாங்கிக்கொள்ளும். அதிர்வெண்ணும் முக்கியம். 512 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண் நெடுந்தூரம் போகும், பக்கத்துக் கம்பிக்கு எளிதில் தாவாது. 33 கிலோஹெர்ட்ஸ், ரப்பர் வளையம் வைத்து இணைத்த இரும்புக் குழாயின் இடைவெளியையும் தாண்டும். ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும், அண்டையிலுள்ள கம்பிகளுக்கும் தாவும்.

ஆழம் காண, கருவிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுருள்கள் உள்ளன. கீழ்ச்சுருளும் மேற்சுருளும் பெறும் வலுவின் வித்தியாசத்திலிருந்து ஆழம் கணக்கிடப்படுகிறது. அது காட்டும் ஆழம் ஏறத்தாழக் குழாயின் மையத்துக்கு உரியது. 300 மில்லிமீட்டர் குழாய் என்றால் அதன் முதுகு 15 சென்டிமீட்டர் மேலே இருக்கும். இதை மறந்து தோண்டினால் ஜேசிபியின் பல் நேராகக் குழாயில் இறங்கும்.

இரண்டு கேபிள்கள் அருகருகே ஓடினால் காந்தப்புலம் கோணலாகி, உச்சம் இடம் மாறும். தேர்ந்த பணியாளர் இதற்கு ஒரு சோதனை செய்வார். கிடைச்சுருளில் ஒலி உச்சமாகும் இடத்தையும், செங்குத்துச் சுருளில் ஒலி அடங்கும் இடத்தையும் தனித்தனியே குறிப்பார். இரண்டும் ஒரே புள்ளியில் விழாவிட்டால் இடத்தையும் ஆழத்தையும் நம்பமாட்டார்.

பிளாஸ்டிக் குழாய்க்கு இந்தக் கருவி பயன்படாது. பதிக்கும்போதே கூடவே ஒரு செம்புக் கம்பியை ஓடவிட்டிருந்தால் அதைத் தேடலாம். பிற்பாடு அந்த ஒரு கம்பி எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தும் என்பதை எண்ணிப் பார்த்தால், அதை விட்டுவிடுவது பெரும் அலட்சியம். காலியான கழிவுநீர்க் குழாயில் சிறு டிரான்ஸ்மிட்டரைத் தள்ளிவிட்டு மேலிருந்து பின்தொடரலாம். இவை எதுவும் முடியாதபோது தரைக்குள் ரேடியோ அலை அனுப்பி எதிரொலி காணும் ரேடார் இருக்கிறது. களிமண்ணிலும் உப்புநீர் ஊறிய மண்ணிலும் அதன் பார்வை வெகுவாகக் குறைந்துவிடும்.

தவறினால் விலை பெரிது. பெல்ஜியத்தின் கிஸ்லாங்கியன் ஊரில், கட்டுமான இயந்திரம் காயப்படுத்தியிருந்த எரிவாயுக் குழாய் 2004 ஜூலை 30 அன்று வெடித்து 24 பேர் இறந்தனர். இந்தியாவில் ஒருங்கிணைப்பின்றித் தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று மத்திய அரசு சொல்கிறது. இதற்காகவே 2023 மார்ச் 22 அன்று 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி தொடங்கப்பட்டது. தோண்டுபவர் அதில் தகவல் தந்தால், அங்கே குழாயோ கேபிளோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குச் செய்தி போகும்.

ஒப்பந்ததாரர்கள் முதலில் அந்தத் தகவலைத் தரட்டும், பிறகு லொகேட்டரால் தேடட்டும், குறியிட்ட இடத்தில் கையால் சோதனைக் குழி தோண்டிக் குழாயைக் கண்ணால் பார்த்த பிறகே இயந்திரத்தைக் கொண்டுவரட்டும்.