சைலன்ஸரும் குதிரைத் திறனும்

கார் வாங்குகிறவர்கள் எஞ்சின் எத்தனை சி.சி. என்று கேட்பார்கள், லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்பார்கள். வண்டிக்கு அடியில் முன்னிருந்து பின்வரை போகிற புகைக்குழாயைப் பற்றிக் கேட்டவர்களை நான் பார்த்ததில்லை. வீட்டில் கல்லூரி போகும் பையன் இருந்தால்தான் அந்தப் பேச்சு வரும். தில்லியில் என் நண்பர் வீட்டில் வந்தது. "மாமா, பெரிய பைப் போட்டா பவர் ஏறும்னு கடையில சொல்றாங்க. நெஜமா?" என்று கேட்டான் அவர் மகன். ஆயுள் முழுக்க எஞ்சினோடு காலந்தள்ளியவனிடம் இப்படிக் கேட்டால் பதில் சுருக்கமாகவா வரும்!

எஞ்சினும் நம்மைப் போல மூச்சு விடுகிற ஜீவன்தான். உள்ளே இருக்கும் பழைய காற்று முழுசாக வெளியே போனால்தான் புதுக் காற்றுக்கு இடம் கிடைக்கும். புதுக் காற்று எவ்வளவோ அவ்வளவுதான் பெட்ரோல் எரியும், அவ்வளவுதான் சக்தி. மிச்சம் நிற்கும் புகையைப் பிஸ்டன் தள்ளித் தள்ளி வெளியேற்ற வேண்டியிருந்தால், சக்கரத்துக்குப் போகவேண்டிய உழைப்பில் ஒரு பங்கு அங்கேயே செலவாகிவிடும்.

இதுவரை கடைக்காரர் சொன்னது சரி. சிக்கல் இனிமேல்தான்.

புகை குழாய்த் தண்ணீர் மாதிரி சீராக ஓடுவதில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்.பி.எம்.-ல் சுற்றும்போது நொடிக்கு 100 முறை, வெடிவெடியாக வெளியே வருகிறது. ஒவ்வொரு வெடியும் ஓர் அழுத்த அலை. சூடான புகையில் அது நொடிக்கு 500 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும். குழாய் திடீரென அகலமாகும் இடத்தை அடைந்ததும் அது உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. புகை வால்வு மூடப்போகும், காற்று வால்வு திறந்துகொண்டிருக்கும் அந்தக் கணத்தில் இந்த அலை வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்துக்கொண்டு புதுக் காற்றையும் கூடவே கூப்பிட்டுக்கொள்ளும். காசில்லாமல் கிடைக்கும் சக்தி!

ஆனால் நேரம் தவறினால் போச்சு. 80 செ.மீ. குழாயில் அலை போய்த் திரும்ப ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆகும். அதற்குள் கிராங்க் தண்டு 3000-ல் 54 பாகை திரும்பியிருக்கும். 6000-ல் 108 பாகை. ஆகவே ஒரே குழாய் எல்லா வேகத்துக்கும் பொருந்தாது. எந்த வேகத்தில் பலன் வேண்டுமோ அதற்கேற்ற நீளத்தைத் தேர்ந்தெடுப்பதே வடிவமைப்பாளரின் வேலை.

இந்த அலைவித்தையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். மோட்டார் சைக்கிள்களை உருவாக்கிய வால்ட்டர் காடன். வயிறு பருத்த புகைக்குழாயை வைத்து 1961-ல் 125 சி.சி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினிலிருந்து சுமார் 25 குதிரைத் திறனை எடுத்தார். லிட்டருக்கு 200! டர்போ எதுவும் கிடையாது.

காருக்கு வருவோம். நான்கு சிலிண்டர்களில் 1-3-4-2 என்ற வரிசையில் வெடிப்பு நடக்கும். ஒன்றாவது சிலிண்டர் புகையை விட்டு முடிக்கும் தறுவாயில் மூன்றாவது திறந்துவிடும். குட்டையான வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் மூன்றின் வெடி ஒன்றின் முகத்தில் வந்து மோதும். அதனால்தான் 1-ஐ 4-உடனும், 2-ஐ 3-உடனும் ஜோடி சேர்த்து, பிறகு இரண்டையும் ஒன்றாக்குகிறார்கள். 4-2-1 ஹெடர் என்பது இதுதான். நடுத்தர வேகங்களில் நல்ல இழுவை தரும். நான்கையும் ஒரே இடத்தில் சேர்த்தால் அதிவேகத்தில் பலன் அதிகம். பந்தய மைதானத்துக்குச் சரி, ரிங் ரோடு நெரிசலுக்கு அது எதற்கு?

பெரிய பைப் கதையும் இப்படித்தான். "எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும் சார்" என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். அது தவறு, எதிரழுத்தம் எப்போதும் நஷ்டம்தான். அவர்கள் கண்ணால் கண்டது மட்டும் நிஜம். குழாய் அகலமானால் புகையின் வேகம் குறைகிறது, ஓடுகிற புகை தன் பின்னால் வருவதை இழுக்கும் உந்தம் குறைகிறது, தாழ்ந்த வேகத்தில் வண்டி சோம்புகிறது. டர்போ எஞ்சின்களில் மட்டும் கணக்கு வேறு. அங்கே டர்பைனுக்குப் பின்னால் வழி எவ்வளவு தாராளமோ அவ்வளவு நல்லது.

இத்தனையும் சொன்னேன். பையன் தலையாட்டினான். மறுவாரம் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்! சத்தம் தெருமுனை வரை கேட்டது. முதல் கியரில் மேம்பாலம் ஏற வண்டி திணறியது. மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. கடைக்காரர் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் சேர்த்துக் கழற்றிவிட்டிருந்தார். தில்லி உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட உறுப்பு அது. கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவை எரித்து அடக்குவது அதுதான். வண்டியை இப்படி மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் அனுமதிப்பதில்லை.

"பழைய செட்டை வாங்கிட்டு வாப்பா, திரும்பப் பொருத்திடலாம்" என்றேன். மஃப்ளர் கிடைத்தது, கன்வர்ட்டர் மட்டும் கிடைக்கவில்லை. "அது ஸ்க்ராப்புன்னு போட்டுட்டோம்" என்றார்களாம். அதற்குள் பூசியிருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று நான் சொன்னபோது, என் நண்பர் மகனை ஒருதரம் பார்த்துவிட்டு, புது கன்வர்ட்டர் என்ன விலை என்று கேட்டார்.