ஹாப்ஸ் மணக்கும் பீர்

ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது, பலா பழுக்கிறது, தேனும் கிடைக்கிறது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடி மட்டும் அங்கே சரிப்பட்டு வராது. மலைக்குளிர் இருந்தும் பகல் போதாது. காவலூர் வானாய்வகம் இருக்கும் அந்த மலை, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.5 பாகையில் இருக்கிறது. கோடையின் மிக நீண்ட பகலே அங்கு சுமார் 13 மணி நேரம்தான். ஹாப்ஸ் கொடி உயர ஏறிப் படர இன்னும் நீண்ட பகல் வேண்டும். இல்லையென்றால் குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும், விளைச்சலும் சொற்பம்தான். இந்தியாவில் ஹாப்ஸுக்குப் பேர்போன இடம் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கு.

பெண் கொடியின் பூவைப் பிட்டுப் பார்த்தால் இதழடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். அதன் பெயர் லுபுலின். கசப்பு, எலுமிச்சை வாசனை எல்லாம் அதில்தான். சிறு ஆலைகளில் தயாராகும் கிராஃப்ட் பீர் சிலவற்றில், சர்க்கரையை ஈஸ்ட் பெரும்பாலும் தின்று தீர்த்துவிடும். நாக்கில் இனிப்பு தங்காது, ஹாப்ஸ் மணமே தூக்கலாக நிற்கும். (குடிக்கச் சொல்லவில்லை, விஷயத்தைச் சொல்கிறோம்.) அந்த மணம் சீக்கிரம் மங்கிவிடும், நாள்பட்டால் நனைந்த அட்டை வாடைதான் மிஞ்சும். அதனால் சுவை தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது பாட்டிலில் அடைத்த தேதியை.

வெயில் பட்டால் இன்னும் மோசம். கசப்புப் பொருள் ஒளியில் சிதைந்து கந்தக நாற்றம் அடிக்கும். பீர் பாட்டில்கள் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் இருப்பது இதனால்தான்.