தோள்மூட்டுப் பர்சாவும் தசைநாண் சேதமும்

தோள்மூட்டுப் பர்சா என்பது தோள்பட்டையின் உச்சி எலும்புக்கும் அதன் கீழே ஓடும் தசைநாண்களுக்கும் இடையில் அமைந்துள்ள மெல்லிய, வழவழப்பான திசுப்பை ஆகும். கையைத் தூக்கி இறக்கும்போது எலும்பும் தசைநாணும் உராயாமல் வழுக்கிச் செல்ல இது உதவுகிறது. நெடுங்காலம் இது ஒரு மெத்தையாக மட்டுமே கருதப்பட்டது. வீங்கி வலித்தால் வெட்டி எடுத்துவிடலாம் என்ற எண்ணமும் மருத்துவர்களிடையே இருந்தது. ஆனால் அருகிலுள்ள தசைநாணோ மூட்டோ சேதமடையும்போது அதற்கு எதிர்வினை காட்டும் உயிருள்ள திசு இது. வலியையும் அழற்சியையும் எழுப்புவது இதுவே. சேதத்தை ஆற்றும் வேலையில் பங்குகொள்வதும் இதுவே. நீலகிரித் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் போலக் கை உழைப்பை நம்பி வாழ்பவர்களுக்குச் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரட்டைத் தன்மை முக்கியமாகிறது.

பெயரும் அமைப்பும்

'பர்சா' என்ற லத்தீன் சொல்லுக்குப் பணப்பை என்று பொருள். பாட்டிமார் இடுப்பில் செருகிக்கொள்ளும் சுருக்குப்பையை இதற்கு ஒப்பிடலாம். ஆனால் இயல்பான நிலையில் இந்தப் பைக்குள் அநேகமாக ஒன்றும் இருப்பதில்லை. அதன் இரு சுவர்களும் ஒட்டியபடி இருக்கும். நடுவில் சில துளி உயவு நீர் மட்டுமே இருக்கும். உள்ளே எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் உறையை இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் எப்படி வழுக்குமோ, அப்படித்தான் இது வேலை செய்கிறது.

மனித உடலில் நூற்றுக்கும் மேற்பட்ட பர்சாக்கள் உள்ளன. அவற்றுள் பெரியவற்றில் ஒன்று தோளில் இருப்பது. இதன் மேற்கூரையாக இருப்பது அக்ரோமியன் எனப்படும் தோள் உச்சி எலும்பும் டெல்டா தசையும். தரையாக இருப்பவை சுழல்தசைகளின் தசைநாண்கள். மருத்துவர்கள் 'ரொட்டேட்டர் கஃப்' என்று சொல்லும் இந்தத் தொகுதியில் சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரிஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ் என நான்கு தசைகள் உண்டு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, ஆழமில்லாத தோள் குழியில் நழுவாமல் நிற்பது பெரும்பாலும் இந்த நான்கின் பிடியால்தான். உச்சி எலும்புக்கும் உருண்டைத் தலைக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஏறக்குறைய 1 செ.மீ. மட்டுமே. அந்த 1 செ.மீ.க்குள் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணும் பர்சாவும் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

தசைநாண் முழுமையாக இருக்கும்வரை மேலேயுள்ள பர்சாவும் கீழேயுள்ள மூட்டும் தனித்தனி அறைகள். தசைநாண் முழுத் தடிமனுக்கும் கிழிந்துவிட்டால் நடுச்சுவரில் ஓட்டை விழுந்தது போல இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்பு மூட்டுக்குள் சாயமருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். சாயம் பர்சாவில் தெரிந்தால் தசைநாண் கிழிந்துள்ளது என்று பொருள்.

நீலகிரி மலையில் தோளுக்கு வரும் வேலை

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பகுதிகளில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். கையால் பறிக்கும்போது இரு கைகளும் மணிக்கணக்கில் உடலுக்கு முன்னே நீட்டியபடி இருக்கும். சமதளத்தில் செடியின் மட்டம் இடுப்பளவில் இருப்பதால் கை தோளுக்குக் கீழேயே இயங்குகிறது. சரிவில் நிலைமை வேறு. மேற்புறச் செடிக்கு எட்டிப் பறிக்கும்போது கை தோள் உயரத்துக்கு வந்துவிடுகிறது. பறித்த கொழுந்தை முதுகுக் கூடைக்குள் தோளுக்கு மேலாக எறியும்போது, கை உயர்ந்து வெளிப்புறமாகத் திரும்புகிறது. பறித்தலில் சுழல்தசைகளுக்கு அதிக வேலை தரும் அசைவு இதுவாகவே இருக்க வேண்டும்.

ஆட்பற்றாக்குறையால் பல தோட்டங்களில் கத்தரிக்கோல் கொண்டு கொழுந்து அறுப்பதும், இருவர் தூக்கிப் பிடிக்கும் மோட்டார் இயந்திரமும் பரவின. விரல்களின் வேலை குறைந்தது. எடையைத் தாங்கிப் பிடிக்கும் தோளின் வேலை கூடியது. கவ்வாத்து வெட்டுவது, நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தின் கிளைகளைக் கழிப்பது, இலை மூட்டையை லாரியில் ஏற்றுவது போன்றவை ஆண்கள் அதிகம் செய்யும் வேலைகள். கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் மூட்டை தூக்குவோருக்கும் இதே பாரம்தான். பாரத்துடன் கையைத் தோளுக்கு மேல் திரும்பத் திரும்ப உயர்த்துவது தசைநாண் தேய்மானத்துக்கு நன்கு அறியப்பட்ட காரணங்களில் ஒன்று. வயது இன்னொன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட டான்டீ நிறுவனமாக வளர்ந்தது. அங்கு வேலைக்குச் சேர்ந்த முதல் தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது.

சேதத்துக்குப் பர்சா காட்டும் எதிர்வினை

தசைநாண் ஒரே நாளில் அறுவது குறைவு. முதலில் அதன் கொலாஜன் இழைகளில் நுண்ணிய பிளவுகள் விழுகின்றன. அவை ஆறுவதற்குள் அடுத்த நாள் வேலை தொடங்கிவிடுகிறது. சேதமடைந்த செல்கள் வெளிவிடும் வேதிப்பொருட்கள் ஒட்டியிருக்கும் பர்சாவை எட்டுகின்றன. பர்சாவின் உட்படலம் தடிக்கிறது. புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. நோயெதிர்ப்புச் செல்கள் வந்து சேர்கின்றன. நீர் சுரப்பு கூடுகிறது. தோள் அறுவை சிகிச்சையின்போது எடுக்கப்பட்ட பர்சாத் திசுக்களைச் சோதித்தபோது இன்டர்லூக்கின் வகைப் புரதங்கள், வலிநிவாரணி மாத்திரைகள் தடுக்கும் காக்ஸ் நொதிகள், நரம்புகளில் வலியைக் கடத்தும் சப்ஸ்டன்ஸ்-பி ஆகியவை கூடுதலாக இருந்தது தெரியவந்தது.

வலி ஏன் இவ்வளவு கடுமையாக உள்ளது என்பதற்கும் இங்கேயே விடை உண்டு. பர்சாவில் வலியுணர் நரம்பு முனைகள் ஏராளமாக உள்ளன. தசைநாணின் உட்பகுதியில் அவை குறைவு. எனவே வலியின் அளவைக் கொண்டு கிழிசலின் அளவைக் கணிக்க முடியாது. சிறு தேய்மானம் மட்டுமே உள்ள ஒருவர் இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் தவிக்கலாம். முழுக் கிழிசல் உள்ள முதியவர் வலியே அறியாமல் இருக்கலாம். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது ஏறத்தாழ 60 முதல் 120 பாகை வரை மட்டும் வலித்து, அதற்கு மேல் குறைவது இந்த நோயின் பழகிய அடையாளம். சுருங்கிய இடைவெளியில் வீங்கிய பர்சா சிக்கும் கட்டம் அதுதான்.

அழற்சி பல மாதங்கள் நீடித்தால் பர்சாவில் வடுத்திசு படிகிறது. வழுக்க வேண்டிய பரப்பு தடித்து ஒட்டத் தொடங்குகிறது. தடித்த பர்சா இடைவெளியை மேலும் குறைக்க, தசைநாண் மேலும் நசுங்குகிறது.

மூட்டின் பிற நோய்களில்

தசைநாணில் கால்சியம் படியும் நோயில், படிவு உடைந்து பர்சாவுக்குள் கொட்டும்போது திடீரென்று தாங்கமுடியாத வலி வரும். ஊசி குத்தியது போலத் தொடங்கி கையை அசைக்கவே விடாத இந்த வலி, பெரும்பாலும் கால்சியம் கரைவதன் அறிகுறி என்பது விந்தை. முடக்குவாதத்தில் மூட்டைத் தாக்கும் அதே அழற்சி பர்சாவின் உட்படலத்தையும் தாக்குகிறது. சில நோயாளிகளின் பர்சாவைத் திறந்தால் உள்ளே பச்சரிசி மணிகளைப் போன்ற வெண்ணிறத் துணுக்குகள் கொட்டும். மருத்துவ நூல்களிலும் அவற்றுக்கு அரிசித் துணுக்குகள் என்றே பெயர். காசநோயிலும் இவை காணப்படுவதால், இந்தியாவில் இவற்றைக் கண்டால் காசநோய்ப் பரிசோதனை செய்வது அவசியம்.

பகையா, துணையா

பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் கோட்மேன் 1934இல் தோள் பற்றிய தம் நூலை வெளியிட்டார். பர்சாவின் நோய் என்று அதுவரை சொல்லப்பட்ட பலவற்றுக்கு அடியில் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணின் கிழிசல் இருப்பதை அவர் வலியுறுத்தினார். 1972இல் அமெரிக்கரான சார்லஸ் நியர், உச்சி எலும்பு கீழே உரசுவதே சிக்கல் என்று விளக்கி, எலும்பின் அடிப்பகுதியைச் செதுக்கும் அறுவை முறையை முன்வைத்தார். அது உலகெங்கும் பரவியது. எலும்பைச் செதுக்கும்போது பர்சாவையும் சுரண்டி எடுப்பது வழக்கமாயிற்று.

இந்த நம்பிக்கையை அசைத்தது பிரிட்டனில் நடந்து, லான்செட் இதழில் வெளிவந்து 2018ஆம் ஆண்டு இதழில் அச்சான ஓர் ஆய்வு. 313 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு எலும்பு செதுக்கப்பட்டது. இன்னொரு பிரிவினருக்குக் கேமரா செலுத்திப் பார்த்ததோடு சரி. மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் செய்யப்படவில்லை. முதல் இரு பிரிவினருக்கும் இடையே பயனில் வேறுபாடு இல்லை. எதுவும் செய்யாதவர்களைவிட அவர்கள் பெற்ற கூடுதல் நன்மையும் மிகச் சிறியது. 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், முழுக் கிழிசல் இல்லாத இத்தகைய தோள்வலிக்கு இந்த அறுவையைச் செய்ய வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

பர்சாவின் நன்மை பற்றிய சான்றுகளும் சேர்ந்துவந்தன. தைத்துச் சேர்த்த தசைநாணுக்கு இரத்தக் குழாய்களையும் இழைச் செல்களையும் அனுப்புவதில் பர்சாவுக்குப் பங்குண்டு என்று ஊதாஃப், சர்க்கார் ஆகியோர் 1991இலேயே எழுதினர். பின்னர் பர்சாவிலிருந்து ஸ்டெம் செல்கள் பிரித்தெடுக்கப்பட்டன. 2024இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு எலிகளில் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணைச் சேதப்படுத்தி, சிலவற்றில் பர்சாவை விட்டுவைத்தும் சிலவற்றில் அகற்றியும் ஒப்பிட்டது. பர்சா இருந்த எலிகளில் சேதமடையாத பக்கத்துத் தசைநாணின் வலிமையும் அடியிலுள்ள எலும்பின் அமைப்பும் காக்கப்பட்டன. எலியின் தோளை மனிதத் தோளாக எடுத்துக்கொள்ள முடியாது. மனிதர்களில் இது மெய்ப்பிக்கப்பட வேண்டும். ஆயினும் பர்சாவை வழக்கமாகவே அகற்றிவிடும் பழக்கத்துக்கு இனி வலுவான காரணம் தேவைப்படும்.

சிகிச்சையும் மலைவாழ்வும்

நடைமுறையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஸ்டீராய்டு ஊசி பற்றியது. பர்சாவுக்குள் செலுத்தப்படும் இந்த மருந்து அழற்சியை அடக்கிச் சில வாரங்களுக்கு நல்ல நிவாரணம் தருகிறது. இரவுத் தூக்கம் திரும்புகிறது. ஆனால் வலி மறைந்ததே தவிர தசைநாண் ஆறவில்லை. வலி என்ற எச்சரிக்கை இல்லாத தோளுடன் மறுநாளே கூடையோ இயந்திரமோ தூக்கினால் கிழிசல் பெரிதாகலாம். அடுத்தடுத்துப் பல ஊசிகள் போடுவது தசைநாணையே பலவீனமாக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை அளவு உயரும். ஆகவே ஊசி கிடைக்கும் வாரங்களை உடற்பயிற்சி தொடங்கப் பயன்படுத்துவதே சரியான வழி.

தோள்பட்டையையும் சுழல்தசைகளையும் படிப்படியாக வலுவாக்கும் பயிற்சியே முதல் சிகிச்சை. ரப்பர் பட்டை போதும். அது இல்லாவிட்டால் பழைய சைக்கிள் டியூபும் பயன்படும். பலன் தெரிய ஏறத்தாழ 12 வாரங்கள் ஆகும். தோட்டத்தில் இதுதான் கடினமான பகுதி. நாட்கூலியுடன், வரையறுத்த அளவுக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் காசு கிடைக்கும் முறையில், கையை மெதுவாகப் பயன்படுத்தச் சொல்வது வருமானத்தைக் குறைக்கச் சொல்வதாகும். மருத்துவமனைக்கு ஒருமுறை போய்வந்தால் அன்றைய கூலியும் போய்விடுகிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும் என்பது இந்த இடத்தில் பயனுள்ளது.

முழு ஓய்வும் நல்லதல்ல. கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் அசைக்காமல் இருந்தால் மூட்டு இறுகும். நீரிழிவு உள்ளவர்களுக்கு எளிதில் வரும் 'உறைந்த தோள்' வேறு நோய். அதில் பிறர் தூக்கிவிட்டாலும் கை உயராது. பர்சா அழற்சியில் தூக்கிவிட்டால் உயரும். வேலை செய்துகொண்டே குணமாக விரும்புவோர் தோள் உயரத்துக்கு மேல் செய்யும் வேலையைத் தவிர்க்கலாம். சரிவில் செடிக்கு நெருங்கி நின்று பறிக்கலாம். கூடையையோ பையையோ நிரம்பும்வரை சுமக்காமல் அடிக்கடி கொட்டிவிடலாம். விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியாமல் போனால் அது திடீர்க் கிழிசலாக இருக்கலாம். அதற்கு அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்து, தைக்க வேண்டுமா என்று விரைவில் முடிவுசெய்ய வேண்டும். தோள் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் பர்சாவில் சீழ் பிடித்திருக்கக்கூடும். அந்நிலையில் எண்ணெய் தேய்த்து நீவுவதோ ஸ்டீராய்டு ஊசியோ கூடாது; அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.